ஜப்பான் ரீகண்டிஷன் காரில் த்ரொட்டில் கோளாறு: பெரிய பில் கட்டுவதற்கு முன் செய்யவேண்டியவை

எஞ்சின் லைட் மஞ்சளாக எரிகிறது. எக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் ஊர்கிறதே தவிர இழுக்கவில்லை. கராஜில் ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்துவிட்டு "த்ரொட்டில் பொடி போயிட்டுது, மாத்தவேணும்" என்கிறார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தட்டு ஒன்றால் கூட்டிக் குறைக்கும் பாகம் அது. விலையைக் கேட்டதும் பலர் அன்றைக்கே காரை விற்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பார்ட்டை வாங்கவோ காரை விற்கவோ முன்னர் இதை முழுதாக வாசியுங்கள். ஸ்கேனரில் த்ரொட்டில் கோட் (கோளாறைக் குறிக்கும் இலக்கம்) விழுந்த எல்லாக் கார்களிலும் த்ரொட்டில் பழுதாகியிருப்பதில்லை. ஒரு பியூஸ், ஒரு கனெக்டர், எலி கடித்த வயர், கரி பிடித்த தட்டு ஆகிய ஒவ்வொன்றும் அதே லைட்டை எரியவைக்கும். மலிவான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போய், கடைசியில்தான் த்ரொட்டிலை மாற்றவேண்டும்.

இலங்கையில் இதற்கு இப்போது கூடுதல் தேவை இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. ஆகவே நம்மிடம் ஓடும் விட்ஸ், அக்ஸியோ, வாகன் ஆர், ஃபிட், மார்ச் போன்றவற்றில் பெரும்பகுதி அதற்கு முன் வந்து இறங்கியவை. ஜப்பானில் ஓடிய ஓட்டமும் அதோடு சேரும். இதற்கிடையில் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதால் ஜப்பானிலிருந்து வரும் எந்த உதிரிப்பாகமும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. கார் பழசு, பார்ட் விலை புதுசு. இந்த நிலையில் ஊகத்தில் ஒரு பார்ட்டை மாற்றிப் பார்ப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

இது எப்படி வேலை செய்கிறது

பழைய கார்களில் எக்சிலேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேரே த்ரொட்டிலுக்குப் போகும். இப்போது கேபிள் இல்லை. நீங்கள் பெடலை மிதிக்கும்போது பெடலில் இருக்கும் இரண்டு சென்சர்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்று எஞ்சின் கொம்பியூட்டருக்குச் சொல்கின்றன. அது த்ரொட்டிலில் உள்ள சிறு மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறது. மோட்டர் பற்சக்கரங்கள் வழியாகக் காற்றுப் பாதையில் உள்ள வட்டத் தட்டைத் திருப்புகிறது. தட்டு உண்மையில் எவ்வளவு திரும்பியது என்று த்ரொட்டிலில் உள்ள இன்னும் இரண்டு சென்சர்கள் திருப்பிச் சொல்கின்றன.

ஒவ்வோரிடத்திலும் இரண்டு சென்சர் வைத்திருப்பது ஒன்றை ஒன்று சரிபார்க்கத்தான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கொம்பியூட்டர் மோட்டருக்கான கரண்டை வெட்டிவிடும். அப்போது ஸ்பிரிங் தட்டைச் சிறிதளவு திறந்த நிலையில் பிடித்து வைக்கும். டொயோட்டாக்களில் அது 6 அல்லது 7 பாகை அளவு. கார் மெதுவாக ஊர்ந்து வீதியோரத்துக்குப் போவதற்குத் தேவையான காற்று அவ்வளவுதான். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். கார் இழுக்காமல் போவது இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டால்தான், எஞ்சின் செத்துப்போனதால் அல்ல.

இன்னொரு விடயத்தையும் இங்கேயே சொல்லவேண்டும், பழைய பார்ட் வாங்கும்போது இது கைகொடுக்கும். இந்தச் சென்சர்கள் இரண்டு வகை. ஒன்று, பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் திருகைப்போல, ஒரு படலத்தின் மேல் தொட்டு உரசிக்கொண்டு போகும் வகை. மற்றது காந்தத்தைக் கொண்டு தொடாமலே அளக்கும் ஹோல் வகை. உரசும் வகையில் படலம் காலப்போக்கில் தேய்ந்துபோகும். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் வொல்வோ. 1999 தொடக்கம் 2001 வரையான வொல்வோ கார்களில் மக்னெட்டி மரெல்லி செய்த த்ரொட்டில்கள் இப்படித் தேய்ந்து ஏராளமாகப் பழுதாகின. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் தலையிட்ட பிறகு, அமெரிக்காவில் அந்தப் பாகத்துக்கான உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 200,000 மைல் என்று நீட்டவேண்டி வந்தது. பின்னர் அதே த்ரொட்டிலைத் திறந்து, உரசும் சென்சரை எடுத்துவிட்டு ஹோல் சென்சர் வைத்துத் திருத்திக் கொடுக்கும் நிறுவனங்களும் உருவாகின. டொயோட்டா உட்பட ஜப்பான் நிறுவனங்களும் தொடாத வகைக்கு மாறிவிட்டன. உங்களுடைய கார் 2000களின் தொடக்கத்தைச் சேர்ந்ததென்றால் அதில் உரசும் வகை இருக்க வாய்ப்புண்டு.

ஓடும்போதே வந்தால்

ஹசார்ட் லைட்டைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து அரை நிமிடம் விட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பல தடவை கார் வழமைக்குத் திரும்பிவிடும். திரும்பினாலும் அது சரியாகிவிட்டது என்று எண்ணி ஏ9 வீதியில் பஸ்ஸை முந்தப் போகாதீர்கள். முந்தும் நடுவில் மறுபடி இழுவை நின்றால் உயிர் ஆபத்து.

மிதிக்காமலே றேஸ் ஏறினால் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கி மிதியுங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கார் நின்ற பிறகு அணையுங்கள். பொத்தான் ஸ்டார்ட் உள்ள கார்களில் ஓடும்போது அணைக்க வேண்டி வந்தால் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். பிரேக்கும் எக்சிலேட்டரும் ஒன்றாக அழுத்தப்பட்டால் பிரேக்குக்கு முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாட்டை டொயோட்டா 2010 அளவில்தான் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய காரில் அதை நம்பியிருக்க முடியாது. இது நடக்கும்போது முதலில் கால் விரிப்பைப் பாருங்கள். 2009, 2010இல் டொயோட்டா மில்லியன்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தது பெடலில் சிக்கிய விரிப்புக்கும் ஒட்டிக்கொண்ட பெடலுக்கும்தான். அப்போது நாசா பொறியியலாளர்கள் எலக்ட்ரோனிக் பகுதியை ஆராய்ந்து, தானாகப் பெருமளவு த்ரொட்டில் திறப்பதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011இல் அறிக்கை கொடுத்தார்கள்.

முதற் படி: காசு செலவாகாத சோதனைகள்

கராஜுக்குப் போக முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது வந்தது, எஞ்சின் சூடா குளிரா, மழையா, ஏசி போட்டிருந்ததா, அண்மையில் எஞ்சின் வோஷ் அடித்தீர்களா, பற்றரி மாற்றினீர்களா, ஏர் ஃபில்டர் மாற்றினீர்களா. கடைசி மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது "ஓம்" என்ற பதில் வந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது.

பற்றரியில் தொடங்குங்கள். எஞ்சின் அணைந்திருக்கையில் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்டும், ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில். பற்றரி தளர்ந்தால் ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து, சென்சர்களும் மோட்டரும் தப்பான கணக்குக் காட்டும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பெரிய பற்றரியை மட்டும் பார்த்துவிட்டு, அக்வாவில் பின்சீற்றுக்குக் கீழே இருப்பது போன்ற அந்தச் சிறிய 12 வோல்ட் பற்றரியை மறந்துவிடுவார்கள். எஞ்சின் கொம்பியூட்டர் அதில்தான் ஓடுகிறது.

அடுத்தது பியூஸ். பல டொயோட்டாக்களில் த்ரொட்டில் மோட்டருக்கென்றே 10 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கிறது, பெட்டி மூடியில் இ.ரி.சி.எஸ் (ETCS) என்று எழுதியிருக்கும். அது எரிந்தாலோ, அதன் கால்களில் பச்சை பிடித்தாலோ பி2118 என்ற கோட் விழும். பியூஸின் விலை ஒரு தேத்தண்ணிக் காசு. அதைப் பார்க்காமல் த்ரொட்டில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு த்ரொட்டிலில் செருகியிருக்கும் கனெக்டர். சேவிஸ் ஸ்டேஷன்களில் அழுத்தத் தண்ணியால் எஞ்சினைக் கழுவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அந்தப் பழக்கம் அறவே பிடிக்காது, பழைய காரில் கனெக்டரின் ரப்பர் காய்ந்திருக்கும், தண்ணி உள்ளே போய் நிற்கும். பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, கனெக்டரின் பூட்டை மெதுவாக அமர்த்தி இழுங்கள். வெப்பத்தில் இறுகிய பிளாஸ்டிக் முறியும், அவசரப்பட வேண்டாம். உள்ளே பச்சை, கறுப்பு, ஈரம் இருந்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மறுபடி கொழுவுங்கள். "கிளிக்" என்று பூட்டுப்படும் சத்தம் கேட்கவேண்டும்.

அங்கிருந்து வயர்க் கட்டு போகும் வழியை விரலால் தடவிக்கொண்டு போங்கள். எலி கடித்த இடம், எஞ்சினின் சூடான பாகத்தில் உரசி உருகிய இடம், முன்னர் யாரோ டேப் சுற்றிய இடம் மூன்றையும் தேடுங்கள். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு இருந்தால் எலியைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

கடைசியாக ஏர் கிளீனரிலிருந்து த்ரொட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாய். மடிப்புகளுக்குள் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், ஐட்லிங் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடுவது) தள்ளாடும்.

ஹைபிரிட்டில் இவற்றையெல்லாம் ரெடி லைட் அணைந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள், திறப்பைக் காரை விட்டுத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கை உள்ளே இருக்கும்போது எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகலாம்.

இரண்டாம் படி: கோட்டை வாசிப்பது

ஸ்கேன் செய்யும் இடத்தில் ஒரு விடயத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: "அண்ணை, கோட் அழிக்க முதல் எனக்கு ஒரு படம் எடுத்துத் தாங்கோ." கோட் விழுந்த கணத்தில் வேகம், சூடு, றேஸ் எவ்வளவு என்று கொம்பியூட்டர் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பிறகு கோளாறு திரும்பி வரும்வரை காத்திருக்கவேண்டும்.

ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்யப்பட்ட பழைய கார்களில் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல தடவை தொடர்பே எடுக்காது. அதற்காகக் கொம்பியூட்டர் பழுது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அந்தந்த நிறுவனத்துக்குரிய மென்பொருள் உள்ள ஸ்கேனர் தேவை, அவ்வளவுதான்.

கோட்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

- பி2120 முதல் பி2128 வரை, மற்றும் பி2138: இவை பெடலைப் பற்றியவை. கோளாறு உங்கள் காலடியில், த்ரொட்டிலில் அல்ல.
- பி0120 முதல் பி0123, பி0220 முதல் பி0223, மற்றும் பி2135: த்ரொட்டில் சென்சர்கள், அல்லது அவற்றுக்குப் போகும் வயர்.
- பி2102, பி2103, பி2111, பி2112, பி2119: மோட்டர், அல்லது தட்டு இறுகிப்போனது. கரி பிடித்தாலும் இவற்றில் சில வரும்.
- பி2118: மோட்டருக்கான கரண்ட். பியூஸையும் வயரையும் பாருங்கள்.
- பி0505 முதல் பி0507: ஐட்லிங் கோளாறு. கிளீன் செய்வதும், மறுபடி பழக்குவதும் முதல் மருந்து.

முதல் வரியை வலியுறுத்திச் சொல்கிறேன். பி2138 விழுந்த காருக்குப் புது த்ரொட்டில் போட்டால் லைட் அணையாது. பெடல் அசெம்பிளி வேறு பார்ட். பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும்.

மூன்றாம் படி: உண்மையில் எது பழுது என்று நிரூபிப்பது

ஊகம் நிற்கும் இடம் இதுதான். ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சர்கள் அந்தக் கணத்தில் காட்டும் அளவுகள்) திறந்து, நான்கு சென்சர்களின் வோல்டேஜையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும். பல டொயோட்டா மொடல்களுக்குக் கையேட்டில் உள்ள அளவுகள் இவை. பெடலின் முதல் சென்சர் கால் படாதபோது 0.5 முதல் 1.1 வோல்ட், முழுக்க மிதித்தால் 2.6 முதல் 4.5. பெடலின் இரண்டாம் சென்சர் 1.2 முதல் 2.0, மிதித்தால் 3.4 முதல் 5.0. த்ரொட்டிலின் முதல் சென்சர் மூடியிருக்கையில் 0.5 முதல் 1.1, முழுக்கத் திறந்தால் 3.2 முதல் 4.9. இரண்டாவது 2.1 முதல் 3.1, திறந்தால் 4.5 முதல் 5.0. மற்ற நிறுவனங்களின் அளவுகள் மாறும். சிலவற்றில் ஒரு சென்சர் ஏறும்போது மற்றது இறங்கும்படி அமைத்திருப்பார்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை ஓன் நிலையில் வைத்து, பெடலை மிக மெதுவாக, பத்து விநாடி எடுத்து அடிவரை அழுத்துங்கள். அதே வேகத்தில் விடுங்கள். ஸ்கேனரில் கோடு வரைந்து காட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். கோடு வழவழவென்று ஏறி இறங்கவேண்டும். எங்காவது ஒரு பள்ளமோ முள்ளோ தெரிந்தால் அது யாருடைய கோடு என்று பாருங்கள். பெடலின் கோடு சீராக, த்ரொட்டிலின் ஒரு கோடு மட்டும் ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் விழுந்தால், அந்தச் சென்சரின் படலம் அங்கே தேய்ந்திருக்கிறது. த்ரொட்டில் குற்றவாளி.

இரண்டு சென்சர்களும் ஒரே கணத்தில் பூச்சியத்துக்கு விழுந்தால் கதை வேறு. இரண்டு சென்சர்களும் ஒரே நேரத்தில் சாவது அரிது. அவை பங்கிடும் 5 வோல்ட் வயர் அல்லது எர்த் வயர் விட்டுவிட்டுத் தொடர்பு இழக்கிறது. இன்னொருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் கோளாறு. ஒரு வயரைத் திருத்தினால் வேலை முடிந்தது.

மோட்டரில் சந்தேகம் என்றால் கனெக்டரைக் கழற்றி, மோட்டரின் இரண்டு கால்களுக்கிடையே மல்டிமீற்றரால் அளக்கலாம். டொயோட்டா கையேட்டில் 20 பாகை சூட்டில் 0.3 முதல் 100 ஓம் வரை சரி என்று இருக்கும். எல்லையற்றது என்று காட்டினால் மோட்டரின் கம்பி அறுந்துவிட்டது.

இந்த அளவுகளைப் பார்க்காமலே "மாத்தவேணும்" என்று சொல்லும் கராஜிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள். ஸ்கேன் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர்கள் செய்த வேலைக்கு அது நியாயம். அளந்து காட்டும் ஒருவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கடைசியில் இலாபம் உங்களுக்குத்தான்.

நான்காம் படி: கிளீன் செய்வது

எஞ்சின் ஒயிலின் ஆவி காற்றுப் பாதை வழியாகவே திரும்பி எரிகிறது. அந்த ஆவியும் தூசும் சேர்ந்து த்ரொட்டில் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் படையாக ஒட்டிக்கொள்ளும். ஐட்லிங்கில் தட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருப்பது மயிரிழை இடைவெளிதான். அதைக் கரி அடைக்கும்போது கொம்பியூட்டர் தட்டை இன்னும் கொஞ்சம் திறந்து ஈடுசெய்யும். ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுசெய்ய முடியாமல், ஏசி போட்டதும் எஞ்சின் நின்றுபோகும்.

ஏர் குழாயைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். கரி தெரிந்தால் த்ரொட்டிலைக் கழற்றியே கிளீன் செய்வதுதான் என் விருப்பம். காரில் இருக்கும்போதே குழாய்க்குள் மருந்து அடித்தால் அது தண்டு வழியே சென்சர் பக்கம் வடியலாம், அழுக்கும் உள்ளே போய்விடும். பெரும்பாலும் நான்கு போல்ட்தான். சில எஞ்சின்களில் த்ரொட்டிலுக்குள் கூலன்ட் ஓடும் இரண்டு சிறு குழாய்கள் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகுதான் அவற்றைக் கழற்றவேண்டும். பிறகு குறைந்த கூலன்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றவும் வேண்டும்.

த்ரொட்டில் பொடி கிளீனர் என்றே போட்டிருக்கும் மருந்தை வாங்குங்கள். பெற்றோலும் காபுரேட்டர் கிளீனரும் வேண்டாம். பல த்ரொட்டில்களில் தட்டின் விளிம்பிலும் சுவரிலும் ஒரு மெல்லிய பூச்சு தொழிற்சாலையிலேயே பூசப்பட்டிருக்கும், காற்றுக் கசிவைத் தடுக்க. கடும் மருந்தும் கம்பித் தூரிகையும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஐட்லிங் பிறகு ஒருபோதும் பழைய நிலைக்கு வராது. மருந்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், மூலைகளுக்கு மென்மையான பல்துலக்கும் தூரிகை. மோட்டர் இருக்கும் பக்கம் மேலே பார்த்தபடி த்ரொட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வடிவது உள்ளே போகாது.

தட்டை விரலால் திருப்பவேண்டி வந்தால் கனெக்டர் கழன்றிருக்கும்போது மட்டும், மெதுவாகத் திருப்புங்கள். திறப்பு ஓன் நிலையில் இருக்கும்போது விரல் விட்டால் மோட்டர் எதிர்த்துத் திருப்பும், உள்ளேயுள்ள பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் முறியும், விரலும் நசியும். கழற்றிய பிறகு பழைய கஸ்கெட் நசுங்கியிருந்தால் புதிதைப் போடுங்கள்.

ஐந்தாம் படி: மறுபடி பழக்குவது

கிளீன் செய்த பிறகு ஐட்லிங் திடீரென்று ஏறிப்போவது வழமை. கரிக்கு ஈடாகத் தட்டைக் கூடத் திறக்கக் கொம்பியூட்டர் பழகியிருந்தது, இப்போது கரி இல்லை, அது இன்னும் பழைய கணக்கிலேயே திறக்கிறது. இந்தக் கட்டத்தில் பயந்துபோய் "கிளீன் பண்ணினதில கெட்டுப்போச்சு" என்று புது த்ரொட்டில் வாங்குகிறார்கள். செய்யவேண்டியது கணக்கை அழித்து மறுபடி பழக்குவதுதான்.

டொயோட்டாவில் பொதுவாகப் பற்றரி மைனஸை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுக் கொழுவி, ஏசி, லைட் எல்லாம் அணைத்தபடி எஞ்சின் சூடேறும்வரை ஐட்லிங்கில் விட்டால் போதும். ஹொண்டாவில் எல்லாவற்றையும் அணைத்து, ரேடியேட்டர் விசிறி சுற்றும்வரை நிமிடத்துக்கு 3000 சுற்று றேஸில் பிடித்துவிட்டு, பிறகு பெடலைத் தொடாமல் சில நிமிடங்கள் விடவேண்டும். நிசான்தான் கடினமான பிள்ளை. பெடல் விட்ட நிலை, தட்டு மூடிய நிலை, ஐட்லிங் காற்றின் அளவு என்று மூன்றையும் வரிசையாகப் பழக்கவேண்டும். மூன்றாவதற்குப் பற்றரி 12.9 வோல்ட்டுக்கு மேலும், கூலன்ட் 70 முதல் 100 பாகை சூட்டிலும் இருக்கவேண்டும். பெடலை ஐந்து தடவை மிதித்து விநாடி எண்ணும் கைமுறை ஒன்று உண்டு, பலருக்கு முதல் தடவையில் வராது. ஸ்கேனரால் செய்யச் சொல்லுங்கள். பிஎம்டபிள்யூ, ஆடி, ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றுக்கும் ஸ்கேனர் மூலம் அடப்டேஷன் (இதே மறுபடி பழக்குதல்) செய்வதே நல்லது.

ஆறாம் படி: மாற்றத்தான் வேண்டும் என்றால்

ஜப்பானிலிருந்து வந்த காருக்குப் பார்ட் தேடும்போது "2010 விட்ஸ்" என்று கேட்கக்கூடாது. ஒரே பெயரில், ஒரே வருடத்தில், வேறு எஞ்சின்கள் வந்திருக்கும். உங்கள் காரின் சேசி இலக்கம், என்ஸெட்ஈ141 என்றோ கேஎஸ்பி130 என்றோ தொடங்கும் அந்த முழு இலக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ஜப்பான் பார்ட் அட்டவணையில் அதைக் கொண்டு தேடினால் சரியான பார்ட் நம்பர் வரும். த்ரொட்டில் அசெம்பிளிக்கு டொயோட்டாவில் 22030 என்றும், நிசானில் 16119 என்றும், ஹொண்டாவில் 16400 என்றும், சுசுகியில் 13400 என்றும் தொடங்கும். கழற்றிய பார்ட்டின் மேல் டென்சோ, ஐசான், ஹிட்டாச்சி, மிகுனி, கெய்ஹின் போன்ற தயாரிப்பாளரின் குறியும் ஒரு இலக்கமும் பொறித்திருக்கும், அதையும் படம் எடுங்கள்.

தெரிவுகள் மூன்று. புது ஒரிஜினல் விலை கூடியது, ஆனால் நீண்ட காலம் வைத்திருக்கப் போகும் காருக்கு, அதுவும் உரசும் சென்சர் வகை என்றால், நான் அதைத்தான் சொல்வேன். பெயர் தெரியாத புதுப் பிரதிகள் பார்வைக்கு அச்சசலாக இருக்கும், சென்சர் அளவுகள் சற்று விலகியிருந்தாலும் பி2135 திரும்பி வரும். பிரேக்குக்கு அடுத்தபடி உயிரோடு சம்பந்தப்பட்ட பாகம் இது, அந்தப் பிரதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுவில் இருப்பது ஜப்பானில் உடைத்த காரிலிருந்து வந்த பழைய பார்ட். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். ஹோல் வகை என்றால் இது நல்ல தெரிவு. உரசும் வகை என்றால் உங்கள் பார்ட்டின் அதே வயதுத் தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று நினைவில் வையுங்கள். கடையில் நின்றே பார்க்கவேண்டியவை: பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, கனெக்டரின் கால்கள் எத்தனை, வளையாமல் இருக்கின்றனவா, தட்டை விரலால் திறந்து விட்டால் ஒட்டாமல் திரும்பி, சிறு இடைவெளி விட்ட அந்த இயல்பு நிலையில் நிற்கிறதா, தண்டை ஆட்டினால் லொடலொடக்கிறதா, பிளாஸ்டிக் மூடியை முன்னர் யாரும் நெம்பித் திறந்த அடையாளம் உண்டா. இவற்றோடு, பூட்டிப் பார்த்துச் சரிவராவிட்டால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பூட்டும்போது போல்ட்களைக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டால் த்ரொட்டில் பூட்டப்படும் பிளாஸ்டிக் மனிஃபோல்ட் வெடிக்கும். பிறகு மறுபடி பழக்கி, கோட்டை அழித்து, மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாவது ஓடிப் பாருங்கள், ஏசி போட்டும் போடாமலும். திரும்பி வந்து இன்னொரு தடவை ஸ்கேன் செய்து, மறைந்திருக்கும் கோட் ஏதும் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது.

விற்றவரோ திருத்தியவரோ பில்லில் எழுதியதை மதிக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை அது. பில், கோட் எடுத்த படம், பழைய பார்ட் மூன்றும் கையில் இருந்தால் உங்கள் முறைப்பாட்டுக்கு வலு வரும்.

காரை இன்னும் வாங்கவில்லை என்றால்

திறப்பை ஓன் செய்ததும் எஞ்சின் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பைக் கழற்றியிருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கேளுங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். ஏசியைப் போட்டு, லைட்டைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஐட்லிங் தாங்குகிறதா என்று பாருங்கள். ஓக்ஷன் ஷீட் (ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிய தாள்) இருந்தால் அதிலுள்ள கிலோமீற்றரையும் மீற்றரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள்.

ஸ்கேனரைக் கொழுவி "கோட் இல்லை" என்று காட்டினால் அத்தோடு நிறுத்தவேண்டாம். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கம் இருக்கும். நேற்றோ இன்றைக்குக் காலையிலோ கோட்டை அழித்திருந்தால் அங்கே பல சோதனைகள் "முடியவில்லை" என்று நிற்கும். அப்படி நின்றால், நூறு நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி பார்க்கலாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.